மனசை விடுங்கள், டம்ளரைப் பிடியுங்கள்

பெறுநர்: மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் தலைவர் என்ற முறையில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சித் தலைவர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாநகரக் காவல் ஆணையர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்.

வணக்கம்.

"சாதி பார்க்கிறவன் மனசைச் சட்டம் போட்டு மாத்த முடியுமா?" இந்தக் கேள்வி நெல்லைச் சீமை அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழுகிறது. வசதியான கேள்வி. மனு கொண்டுவந்தவரிடம் ஒரு பெருமூச்சோடு இதைக் கேட்டுவிட்டால், மனுவை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். எங்கள் பதில் இதுதான்: முடியாது. தயவுசெய்து முயலவும் வேண்டாம். ஒருவன் நெஞ்சுக்குள் யாரைத் தாழ்வாக நினைக்கிறான் என்பதில் ஆட்சியருக்கும் அதிகாரம் இல்லை, ஆய்வாளருக்கும் இல்லை. உங்கள் அதிகாரம் அவன் வீட்டு நடைவாசலுக்கு வெளியே தொடங்குகிறது. அங்கே டீக்கடைப் பலகை இருக்கிறது, சலூன் நாற்காலி இருக்கிறது, குடிதண்ணீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை, மின்கம்பம், பள்ளிக்கூட மணி எல்லாம் இருக்கின்றன. இவற்றில் பலவற்றை விட்டுவிட்டு, எட்டாத மனசை எட்டிப் பிடிக்க ஆண்டுதோறும் விழா நடத்துகிறோம் என்பதே இந்த மடல் சொல்லவரும் குறை.

ஜனவரி 24 முதல் 30 வரை மனிதநேய வார விழா. 30ஆம் தேதி தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. சுதந்திர நாளில் கோயில்களில் சமபந்தி விருந்து. இவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பாடும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உறுதிமொழி வாசிக்கச் செலவாகும் ஒரு காலைப்பொழுதில் ஒரு குறுவட்டத்து டீக்கடைகளைச் சுற்றி வந்துவிடலாம்.

முதலில் உங்கள் கை எட்டாத, எட்டக் கூடாத இடங்களைச் சொல்லிவிடுகிறோம். அவற்றை ஒத்துக்கொண்டால்தான் மீதி இடங்களை உரத்த குரலில் கேட்க முடியும்.

தன் பெண்ணுக்குச் சொந்த சாதியில்தான் மாப்பிள்ளை பார்ப்பேன் என்கிறவரை எந்தச் சட்டமும் தொடாது. கல்யாண மாலை விளம்பரத்தில் உட்பிரிவு வரை போடுகிறவரையும் தொடாது. சாதி விட்டுக் கல்யாணம் செய்த மகனுக்குத் தான் சம்பாதித்த சொத்தில் ஒரு சென்டு கூடக் கிடையாது என்று உயில் எழுதலாம். அக்கம்பக்கத்தார் வீட்டில் கைநனைக்காமல் வரலாம். விசேஷத்துக்கு அழைக்காமல் இருக்கலாம், அழைத்தாலும் போகாமல் இருக்கலாம். மோசமான நடத்தைதான். குற்றமா என்றால் இல்லை. நாலு சுவருக்குள், வெளியார் யாரும் காணாத இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் ஹிதேஷ் வர்மா வழக்கில் 2020இல் சொன்னது. 2008இல் ஸ்வரன் சிங் வழக்கில், தனியார் இடமாக இருந்தாலும் பொதுமக்கள் பார்வையில் நடந்தால் பொருந்தும் என்றது. ஆக, கேட் ஓரத்தில் நின்று தெருவுக்குக் கேட்கத் திட்டியவர் மாட்டுவார். அடுப்பங்கரையில் முணுமுணுத்தவர் மாட்டமாட்டார். எங்களுக்கு இந்தக் கோடு பிடிக்கிறதா என்பது வேறு விஷயம். கோடு அங்கேதான் இருக்கிறது.

கோடு போடுவது நம்மூர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டம் உணவகங்களையும் விடுதிகளையும் கட்டுப்படுத்தியபோது, உரிமையாளர் தானே குடியிருந்துகொண்டு ஐந்து அறைக்கு மேற்படாமல் வாடகைக்கு விடும் கட்டடத்துக்கு விலக்குத் தந்தது. வீட்டுக்குள் அரசு நுழையக் கூடாது என்ற தயக்கம்தான் காரணம். நம் அரசமைப்புச் சட்டம் இன்னும் தெளிவாகவே பேசுகிறது. 14ஆவது பிரிவும் 15(1)உம் அரசைப் பார்த்துச் சொன்னவை. 15(2)உம் 17உம் தனி ஆளையும் பிடிக்கும். கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று 15(2) பெயர் சொல்லி அடுக்குகிறது. அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் வாசலுக்கு வெளியே இருப்பவை. எழுதியவர்களுக்கு வாசல் எங்கே என்று தெரிந்திருக்கிறது.

இனி டீக்கடைக்கு வருவோம்.

இரட்டை டம்ளர் இன்று பழைய வடிவில் இல்லை. சிரட்டை போய், தனி அலுமினியக் குவளை போய், இப்போது பேப்பர் கப் வந்திருக்கிறது. பெஞ்சில் உட்காருகிறவருக்குக் கண்ணாடி டம்ளர், குறிப்பிட்ட தெருவிலிருந்து வருகிறவருக்குக் கேட்காமலே பேப்பர் கப். கேட்டால் "சுத்தத்துக்குத்தான் அண்ணாச்சி" என்பார்கள். எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் சுத்தம்தான். ஆளைப் பார்த்து மாறினால் குற்றம். 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4(ii) பிரிவு உணவகத்தில் பொதுமக்களுக்கென வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. 6ஆம் பிரிவு இன்னும் கூர்மை. பிறருக்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் விற்க மறுத்தாலே போதும் என்கிறது. டீ கொடுத்தேனே என்ற வாதம் அங்கே நிற்காது. எப்படிக் கொடுத்தாய் என்பதுதான் கேள்வி.

இந்த வழக்குகள் தோற்பதற்குக் காரணம் சட்டம் பலவீனமாக இருப்பது அல்ல. ஆய்வு நடக்கிற விதம்தான். தாசில்தார் ஜீப் வருகிறது என்ற சேதி ஜீப்புக்கு முன்னால் கடைக்குப் போய்விடும். பத்து மணிக்கு வந்து பார்த்தால் எல்லோரும் ஒரே டம்ளரில் குடித்துக்கொண்டிருப்பார்கள். அறிக்கையில் "பாகுபாடு ஏதும் காணப்படவில்லை" என்று எழுதி முடித்துவிடலாம். ஆகவே முறை இப்படி இருக்கட்டும். வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் கிளம்பும் நேரமான காலை ஐந்தரை முதல் ஏழு மணிக்குள் போங்கள். சீருடை வேண்டாம். வெவ்வேறு தெருவைச் சேர்ந்த, ஊரில் அறிமுகமான இரண்டு பேர் ஐந்து நிமிட இடைவெளிக்குள் ஒரே கடையில் டீ சொல்ல வேண்டும். அந்த ஊர்க்காரராக இல்லாதவரை அனுப்பினால் பயனில்லை. அவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியாது, பாகுபாடும் வெளியே வராது. யாருக்கு எதில் வந்தது, எங்கே உட்காரச் சொன்னார்கள், குடித்த பின் கழுவியது யார், என்ன விலை என்பதை அந்த இடத்திலேயே குறியுங்கள். பிறகு மகஜர் (கைப்பற்றுதல் பதிவு) போட்டு இரண்டு வகைப் பாத்திரத்தையும் கைப்பற்றுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சாட்சிகள் இரண்டு பேரும் ஒரே தெருக்காரராக இருக்க வேண்டாம்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு சின்ன வழியும் உண்டு. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. சாதி நிரூபணமாகும் வரை காத்திராமல், கப்பை அன்றைக்கே பறிமுதல் செய்ய உள்ளாட்சிக்கு அதிகாரம் இருக்கிறது. கப் போய்விட்டால், கடைக்காரர் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பாகுபாட்டை வெளிப்படையாகவே செய்ய வேண்டும். அவர் மனசு மாறினாரா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

டம்ளர் பாகுபாட்டுக்குக் குடிமை உரிமைச் சட்டத்தில் தண்டனை? 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். 1976 திருத்தத்தில் வைத்த தொகை இன்றைக்கு எட்டுப் பத்து பேர் வடையோடு டீ குடித்தால் முடிந்துவிடும். பயப்பட வைப்பது வேறொரு பிரிவு. 6ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டவரின் தொழில் உரிமத்தை நீதிமன்றமே ரத்து செய்யவோ நிறுத்தி வைக்கவோ 8ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு உரிம எண் குற்றப்பத்திரிகையில் இருக்க வேண்டும், அரசு வழக்கறிஞரும் கேட்க வேண்டும். கேட்காததைக் கோர்ட் கொடுக்காது.

2011இல் ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் இரட்டை டம்ளரைப் பற்றி நேரடியாகவே பேசியது. தமிழ்நாட்டு வழக்கு அது. தங்கள் எல்லையில் இப்படி நடப்பது தெரிந்திருந்தும் குற்ற நடவடிக்கை எடுக்காத நிர்வாக, காவல் அலுவலர்கள்மீது துறை நடவடிக்கை வேண்டும் என்றது. தெரிந்திருந்தும் என்ற சொல் முக்கியம். இந்த மடலில் ஊர்ப் பெயர் எதையும் நாங்கள் எழுதவில்லை. கேட்டால் கொக்கிரகுளம் அலுவலகத்தில் எழுத்து மூலம் தருகிறோம். வாங்கிய தேதியோடு முத்திரை வேண்டும்.

சலூன் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. முடி வெட்ட மறுக்கிறவரையே பிடித்து உள்ளே போட்டால் பத்திரிகையில் செய்தி வரும், நியாயம் வராது. பெரும்பாலான இடங்களில் அவருக்கே கடை வாடகை, வீடு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரும் நெல் எல்லாம் எதிர்த்தரப்பின் கையில். "அவங்களுக்கு வெட்டினா நாங்க வரமாட்டோம், கடையையும் காலி பண்ணு" என்று சொன்னவர்தான் மூல ஆள். இதற்கென்றே குடிமை உரிமைச் சட்டத்தில் 7(2) இருக்கிறது. தீண்டாமை பார்க்க மறுத்தார் என்பதற்காகத் தன் சமூகத்தவர் ஒருவரின் உரிமையையோ சலுகையையோ மறுப்பதும், அவரைத் தள்ளி வைப்பதில் பங்கெடுப்பதும் தனிக் குற்றம். முடிவெட்டுகிறவரை ஊரிலிருந்து ஒதுக்கும் வேறு சாதிக்காரருக்கு 7(1)இன் கீழான புறக்கணிப்பு விளக்கம் இருக்கிறது. வீடு, நிலம் விட மறுப்பது, கூலி வேலை செய்ய மறுப்பது, வியாபாரம் செய்ய மறுப்பது எல்லாம் அதில் அடங்கும். இந்த 7ஆம் பிரிவை எழுதிய எஃப்.ஐ.ஆர். எத்தனை என்று உங்கள் குற்றப்பதிவேட்டுப் பிரிவைக் கேட்டுப் பாருங்கள். சீர்திருத்தத்துக்குத் தயாராக இருக்கிற ஆளுக்குச் சட்டம் கொடுத்த ஒரே கவசம் அது. அவரைக் காப்பாற்றினால் அடுத்த ஊர்க்காரர் தானாகக் கதவைத் திறப்பார்.

மின்கம்பங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்குநேரி, களக்காடு, மானூர் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் ஊர் எல்லை தொடங்கும் இடம் கம்பத்தின் வண்ணத்தில் தெரியும். ஒரு ஊரில் இரண்டு வண்ணம், அடுத்த ஊரில் மூன்று. பாலத்துக் கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, மைல் கல் எதுவும் பாக்கி இல்லை. இதில் எங்கள் நிலைப்பாடு சிலருக்குப் பிடிக்காது. சொந்த வீட்டுச் சுவரில் ஒருவர் எந்த வண்ணமும் அடிக்கலாம். பைக்கில் எழுதலாம். சட்டை போடலாம். வாட்ஸ்அப் நிலையில் சிங்கம் போடலாம். அடுத்த சமூகத்தை இழிவுபடுத்தாமல், தூண்டிவிடாமல் இருக்கும் வரை காவல் துறைக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் மின்கம்பம் மின்வாரியத்தினுடையது, தொட்டி ஊராட்சியினுடையது. அழிப்பதற்கு 1959ஆம் ஆண்டுத் திறந்தவெளி இடங்கள் உருக்குலைவுத் தடுப்புச் சட்டம் போதும். யார் சாதி, எது இழிவு என்ற பஞ்சாயத்தே வேண்டாம். பொதுச் சொத்தில் பூசினாய், அழி, செலவைக் கொடு. அவ்வளவுதான். ஒரே நாளில் எல்லா ஊரிலும் அழிக்க வேண்டும். ஒரு ஊரில் அழித்துவிட்டு இன்னொன்றை அடுத்த வாரம் என்று வைத்தால் அன்றைக்கே சாலை மறியல். அனுமதியில்லாத டிஜிட்டல் பேனருக்கும் இதே முறைதான். "ஆண்ட பரம்பரை" என்ற வாசகத்தைப் படித்துப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். அனுமதி எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

1997இல் தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் வைத்திருந்த தலைவர் பெயர்களை மொத்தமாக எடுத்தது. அந்த முடிவு பிறந்தது தென்மாவட்டக் கலவரங்களில். யாருடைய பெருமையும் குறையவில்லை, பஸ்ஸை மறிக்க ஒரு காரணம் குறைந்தது. அரசின் சொத்தில் அரசுக்கு முழு அதிகாரம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

பள்ளிக்கூடக் கயிற்றிலும் இதே கோடுதான். கையில் வண்ணக் கயிறு, நெற்றியில் குறி, சட்டைக்குள் தெரியும் பனியன் நிறம் என்று பிள்ளைகள் பிரிந்து நிற்பது புதிதல்ல. 2023 ஆகஸ்டில் நான்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களைப் பள்ளிக்குள் தடை செய்யச் சொன்னது. சரி. ஆனால் தடை காலை மணி அடிப்பதிலிருந்து மாலை மணி அடிப்பது வரைதான். பேருந்து நிறுத்தத்தில் நின்று கயிறு அறுக்கிற காவலர் பையனுடைய கயிற்றை வீரப்பதக்கம் ஆக்கிவிடுகிறார். தலைமையாசிரியர் சீருடை விதியாக எழுதி, சேர்க்கைப் படிவத்திலேயே பெற்றோர் கையெழுத்து வாங்கி, எல்லாக் கயிற்றுக்கும் ஒன்றுபோல் நடைமுறைப்படுத்த வேண்டும். கோயில் கயிறு, தர்கா கயிறு, கிரிக்கெட் அணிப் பட்டை என்று விலக்குக் கொடுக்கத் தொடங்கினால் எல்லாக் கயிறும் கோயில் கயிறு ஆகிவிடும். கயிறு போனதும் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். வகுப்பறையில் யார் எங்கே உட்காருவது, சத்துணவு வரிசை, கழிப்பறை கழுவ யாரைக் கூப்பிடுகிறார்கள், வருகைப் பதிவேட்டில் உதவித்தொகைக்காகக் குறித்த சாதி பிள்ளைகள் முன் வாசிக்கப்படுகிறதா, இவை ஆசிரியர் செய்கிறவை. அரசு ஊழியர் செய்கிறவை. இங்கே அரசின் அதிகாரம் பாதியல்ல, முழுசு.

பொதுப்பணம் எங்கே தொடுகிறதோ அங்கே தனி விருப்பம் முடிகிறது என்பதை இந்த மாவட்டம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பேசித் தீர்த்திருக்கிறது. சேரன்மாதேவி குருகுலத்தில் வ.வே.சு. ஐயர் பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப்பந்தி அனுமதித்தபோது 1924-25இல் எழுந்த புயல் அதைப் பற்றித்தான். பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்றார் ஐயர். வீட்டில் அவர்கள் எப்படி வேண்டுமானாலும் சாப்பிடட்டும், காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்த கூடத்தில் அது செல்லாது என்றார்கள் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும். அந்த வாதம் பின்னால் சட்டமாகவே ஆனது. குடிமை உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி அரசிடம் நிலமோ பணமோ மானியமாகப் பெறும் கல்வி நிலையம், விடுதி, வழிபாட்டிடம் ஆகியவற்றின் நிர்வாகி தண்டிக்கப்பட்டால், மானியத்தை அரசு நிறுத்தலாம், திரும்ப எடுக்கலாம். அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த பாளையங்கோட்டையை வைத்துக்கொண்டு இந்தப் பிரிவை மறந்துபோவது விநோதம்.

கோயில் கொடை. குடும்பத்துக் குலசாமிக்குச் சொந்த பந்தம் மட்டும் கூடிப் பொங்கலிடுவது அவர்கள் பாடு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் யார் யார் சேர்வது என்பதிலும் ஆட்சியர் தலையிட வேண்டியதில்லை. ஆனால் தனியார் கோயில் என்று சொல்லிவிட்டால் மட்டும் அது தனியார் கோயில் ஆகிவிடாது. தனியாருக்குச் சொந்தமானாலும், உரிமையாளர் அனுமதியோடு நடைமுறையில் பொது வழிபாட்டுக்குப் பயன்படும் இடம் பொது வழிபாட்டிடம்தான் என்று 1976 திருத்தம் வரையறுத்திருக்கிறது. பார்க்க வேண்டியது என்ன? கொடை நோட்டீஸ் யாருக்கெல்லாம் போயிற்று, வரி எந்தெந்தத் தெருவில் வாங்கினார்கள், உண்டியல் ரோட்டைப் பார்த்து இருக்கிறதா, பந்தல் நத்தம் புறம்போக்கில் நிற்கிறதா. ஒரு தெருவில் மட்டும் வரி வாங்க மறுப்பது இங்கே நுட்பமான தீண்டாமை. வரி கொடுக்காதவனுக்கு மரியாதை கிடையாது என்று பிறகு அதையே காரணமாக்கிவிடுவார்கள். ஆகவே கொடைக்கு அனுமதி கேட்டு வரும்போதே வரிப் பட்டியலின் நகலைக் கேளுங்கள்.

இனி இந்த மடலை எழுத வைத்த விஷயம்: சமாதானக் கூட்டம்.

தெருவழியே ஊர்வலம் போக ஒரு தரப்பு கேட்கிறது, மறுதரப்பு தடுக்கிறது. கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி, "இந்த ஆண்டு மட்டும் மாற்றுப் பாதையில் செல்ல ஒப்புக்கொள்கிறோம்" என்று கையெழுத்து வாங்குவது தமிழகம் முழுக்க நடக்கிற பழக்கம். கூட்டம் முடிந்து எல்லோருக்கும் டீ வரும். டீ ஒரே டம்ளரில்தான் வரும், அது வேறு. இந்த ஒப்பந்தம் ஏன் தவறு? பொதுத் தெருவில் போகும் உரிமை வன்கொடுமைச் சட்டத்தின் 3(1)(za) பாதுகாக்கிற ஒன்று. சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, செருப்பும் புதுத்துணியும் அணிவது, கல்யாண ஊர்வலம் போவது, சுடுகாட்டைப் பயன்படுத்துவது எல்லாம் அதில் பெயரோடு இருக்கின்றன. 1924லேயே சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுத் தெருவும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று சொல்லிவிட்டது. நூறு ஆண்டுக்கு முன் முடிந்த கேஸை ஒரு துணை வட்டாட்சியர் மறுபடி திறந்து பேரம் பேச முடியாது. உரிமை உள்ளவரிடம் கொஞ்சம், தடுப்பவரிடம் கொஞ்சம் வாங்கிப் பங்கிட்டால், நடுவில் குறைவது உரிமை மட்டும்தான். அடுத்த ஆண்டு அந்தக் கையெழுத்துக் காகிதம்தான் எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாக உயர் நீதிமன்றக் கிளைக்கு வரும்: "வழக்கம் இதுதான், அவர்களே ஒப்புக்கொண்டார்கள்."

இதோடு இரு தரப்பிலும் சமமாக ஐந்தைந்து பேர்மீது பி.என்.எஸ்.எஸ். 126இல் பிணைப்பத்திரம் எழுதி வாங்குவதும், 163இல் தடையாணை போட்டு ஊர்வலத்தையே நிறுத்துவதும் சேர்ந்துகொள்கின்றன. அமைதி கெடும் என்றால் கெடுக்கிறவரைத்தானே கட்டிப்போட வேண்டும்? நடந்து போகிறவர் அமைதியைக் கெடுக்கவில்லை. அவர் நடப்பதைப் பார்க்கச் சகிக்காத ஒருவரின் மனசுதான் கெடுக்கிறது. அந்த மனசைத் திருத்த உங்களால் முடியாது என்று மேலே ஒத்துக்கொண்டோம். அந்த மனசுக்கு மரியாதை கொடுத்துத் தெருவை எழுதிக் கொடுக்கவும் உங்களுக்கு அதிகாரம் கிடையாது. கூட்டம் கூட்டுங்கள். நேரம், மேளம், பாதுகாப்பு, ஆம்புலன்ஸ் எங்கே நிற்பது என்று பேசுங்கள். "போகலாமா" என்ற கேள்வி நிகழ்ச்சி நிரலில் வரக் கூடாது.

சுடுகாட்டுப் பாதையில் ஒரு நடைமுறைக் குறிப்பு. தகராறு வந்த பிறகு அல்ல, கோடையில் வயல் காய்ந்திருக்கும்போதே சர்வேயரை அனுப்பி, 'அ' பதிவேடு என்ற ஊர் நிலப் பதிவேட்டிலும் புலப்படத்திலும் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கல் நட்டு முடித்துவிடலாம். பட்டா நிலம் வழியாகப் பழக்கத்தில் மட்டும் போய்க்கொண்டிருந்தால், 20 ஆண்டுப் பயன்பாட்டைக் காட்டி அனுபவ பாத்தியம் நிறுவவோ, நிலம் எடுத்துப் பாதை போடவோ வேண்டும். சாவு விழுந்த அன்று இதைத் தீர்க்க முடியாது. அன்று இரவு எட்டு மணிக்குப் பிணத்தை நடுரோட்டில் வைத்துக்கொண்டு தாசில்தாருக்குப் போன் போடுவதே வழக்கமாகிவிட்டது.

காவல் நிலையத்துக்கு வருகிறோம், சுருக்கமாக. வன்கொடுமைப் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது (மனு பெற்றதற்கான சீட்டு) மட்டும் கொடுத்து "விசாரித்துச் சொல்கிறோம்" என்று அனுப்புவது வன்கொடுமைச் சட்டத்தின் 18A பிரிவுக்கு நேர் விரோதம். முதல்கட்ட விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தம் சொல்லிவிட்டது. புகாரை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, எஃப்.ஐ.ஆர். நகலை உடனே கொடுப்பதும், 60 நாளில் சிறப்பு நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை போடுவதும் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்லும் கடமைகள். விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையக் கூடாது. ஆய்வாளர் எழுதி டி.எஸ்.பி. கையெழுத்துப் போட்ட வாக்குமூலங்கள் குறுக்கு விசாரணையில் உதிர்ந்துபோகின்றன. புகாரில் என்ன சொல் சொன்னார், எந்த இடத்தில் நின்று சொன்னார், குடும்பத்தார் தவிர யார் கேட்டார் என்ற மூன்றும் இல்லையென்றால் 3(1)(s) நிற்காது. சாதிச் சான்றுக்காக வழக்கு காத்திருக்க வேண்டாம், அதை வட்டாட்சியரிடம் காவல் துறையே கேட்டு வாங்கலாம். பாதிக்கப்பட்டவரின் சாதி தெரியாது என்று எதிரி சொன்னால் 8(c)ஐக் காட்டுங்கள். குடும்பத்தை நேரடியாகத் தெரிந்தவர் என்றால் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் கருதும். அன்றைக்கே வருகிற எதிர்ப்புகாரை, இரண்டையும் சேர்த்து ராசியாக்கும் நெம்புகோலாகப் பயன்படுத்தாதீர்கள். நிவாரணத்தை வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 12(4)படி ஏழு நாளில் கொடுங்கள். பணம் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் ராசிப் பேச்சுக்கு ஒரு வாரம்.

காதல் கல்யாணம் செய்துகொண்டு பாதுகாப்புக் கேட்டு வருகிறவர்கள் விஷயத்திலும் வாசற்படிக் கணக்குத்தான். பெற்றோர் அழலாம், பேசாமல் இருக்கலாம், சொத்துக் கொடுக்காமல் இருக்கலாம். 18 முடிந்த பெண்ணை, அவள் மறுத்த பிறகும், காவல் நிலைய அறையில் உட்கார வைத்து மூன்று மணி நேரம் உறவினரை விட்டுப் பேச வைப்பது "குடும்ப ஆலோசனை" ஆகாது. 2018இல் சக்தி வாஹினி தீர்ப்பு ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட சிறப்புப் பிரிவு வேண்டும் என்றது, 24 மணி நேர உதவி எண்ணோடு. அந்த எண் பேருந்து நிலையச் சுவரில் இருக்க வேண்டும். ஓடி வருகிறவர்கள் முதலில் இறங்குமிடம் அதுதான்.

சட்டத்திலேயே ஓட்டை இருக்கும் இடங்களில் உங்களைக் குறை சொல்லி லாபமில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் 3ஆம் பத்தி இந்து, சீக்கியர், பௌத்தர் தவிர்த்தவரைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆகவே கிறிஸ்தவரான தலித்துக்கு வன்கொடுமைச் சட்டம் கிடைக்காது. தனிக் கல்லறைத் தோட்டமும் தனிப் பெஞ்சும் பார்த்த இந்த மாவட்டத்தில் அது சிறிய ஓட்டை இல்லை. என்றாலும் கை விரித்துவிட வேண்டாம். குடிமை உரிமைச் சட்டம் "எந்த ஒரு நபரையும்" என்றுதான் பேசுகிறது. பட்டியல் சாதியினருக்குக் கிடைக்கும் 12ஆம் பிரிவு ஊகம் மட்டும் இவருக்குக் கிடைக்காது, தீண்டாமைதான் காரணம் என்பதைச் சாட்சியால் நிறுவ வேண்டும். கூடுதல் வேலை, அவ்வளவே. வீடு வாடகை இன்னொன்று. "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டுத் தீண்டாமை காரணமாக மறுத்தால் 4(viii) இருக்கிறது. மதத்தைக் கேட்டு மறுத்தால், முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் மேலப்பாளையத்து இளைஞருக்கு ஊரின் மறுபக்கம் வீடு கிடைக்காமல் போனால், தண்டிக்கச் சட்டமே இல்லை. எச்.ஐ.வி. உள்ளவருக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநருக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் காக்கின்றன. அந்த இரண்டையும் உங்கள் வாடகைப் புகார்ப் படிவத்தில் சேர்க்கலாம். மதத்துக்குச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ எழுத வேண்டும். நீங்கள் எழுத முடியாது.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி உங்கள் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியவை: 7(2)இல் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை, பூஜ்யமானாலும் சரி. சி.எஸ்.ஆர். போட்டு எஃப்.ஐ.ஆர். ஆகாத மனுக்களின் பட்டியல், நிலையம் வாரியாக. கடந்த மூன்று ஆண்டுச் சமாதானக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல், யார் எந்தப் பாதையை விட்டுக்கொடுத்தார் என்பது தெரியும்படி. தண்டனை பெற்ற கடைகளில் உரிமம் ரத்து கேட்கப்பட்டதா என்ற விவரம். நிவாரணம் ஏழு நாள் தாண்டிய வழக்குகள், தாமதத்துக்கான காரணத்தோடு. வன்கொடுமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் அலுவலர்மீது வழக்குப் போட நிர்வாக விசாரணையின் பரிந்துரை தேவை. அந்த விசாரணைக்கு யார், எத்தனை நாளில் உத்தரவிடுவார் என்பதையும் அதே கூட்டத்தில் எழுதி முடிவு செய்யுங்கள். மாநகர எல்லையும் மாவட்ட எல்லையும் சந்திக்கும் ஊர்களில் எந்த நிலையம் புகாரை வாங்குவது என்ற பேச்சே வேண்டாம். எங்கே வந்தாலும் அங்கேயே பதிந்து பிறகு மாற்றிக்கொள்ள பி.என்.எஸ்.எஸ். 173 இடம் தருகிறது.

மின்கம்ப வேலைக்குப் பெயின்ட் டெண்டர் விட வேண்டாம். சுண்ணாம்பு போதும். ஆனால் மழைக்கு முன் அடித்தால் கரைந்துவிடும், தையில் அடியுங்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றங்களில் இவ்வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்களும், இவற்றுக்கு மனு எழுதித் தருவோரும்